ஃபெங் ஸிகாய்: ஓவிய ஆய்வு முதல் அரசியல் நையாண்டி வரை — அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன எழுத்தாளர் ஃபெங் ஸிகாய்க்கு இரண்டு முகங்கள் உண்டு. பலருக்கு அவர் குழந்தைகளை வரைந்த மென்மையான கார்ட்டூன்காரர். சிலருக்கு, மாவோ 1966இல் தொடங்கிய கலாச்சாரப் புரட்சி என்ற அரசியல் வேட்டையில் வதைபட்ட நையாண்டிக்காரர். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதை முழுசாக உணர வேண்டுமென்றால் அவருடைய ஓவியக் கட்டுரைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கீழே உள்ள பதில்களெல்லாம் அந்த நோக்கத்தோடு எழுதியவை.

சுருக்கமாக, இவர் யார்?

1898இல் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில், கால்வாய்க் கரையிலுள்ள ஷிமென்வான் என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பத் தொழில் சாயப்பட்டறை. அப்பா 1902இல் பேரரசுக் காலத்துத் தேர்வில் மாகாணப் பட்டம் பெற்றவர். 1905இல் அந்தத் தேர்வு முறையே ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அப்பா காசநோயில் இறந்துபோனார். பட்டறையையும் பிள்ளைகளையும் அம்மாதான் கட்டிக் காத்தார். அம்மாவைப் பற்றிப் பின்னாளில் எழுதிய கட்டுரையில், கண்ணில் கண்டிப்பும் உதட்டோரத்தில் பரிவுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். அப்பாவின் இடத்தையும் அம்மாவே நிரப்பியதை அந்த ஒரு முகத்திலேயே சொல்லிவிடுகிறார்.

கட்டுரையாளர், கார்ட்டூன் ஓவியர், ஓவிய வரலாறும் இசையும் எளிமையாகச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர், ஜப்பானியம், ரஷ்யன், ஆங்கிலம் ஆகியவற்றிலிருந்து மொழிபெயர்த்தவர், பௌத்தர். 1975 செப்டம்பர் 15 அன்று ஷாங்காயில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

ஓவியம் யாரிடம் கற்றார்?

1914இல் ஹாங்சோ நகரின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஓவியமும் இசையும் சொல்லிக் கொடுத்தவர் லி ஷுதோங். டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் மேற்கத்திய ஓவியம் படித்துவிட்டு வந்தவர், சீனர்கள் நடத்திய முதல் நவீன நாடக முயற்சிகளில் பெண் வேடம் கட்டியவர். மாணவர்களைச் சுண்ணாம்புச் சிலைக்கு முன்னால் உட்காரவைத்துக் கரிக்கோலால் வரையச் சொன்னார். முன்னோரின் ஓவியத்தைப் பார்த்துப் பார்த்து நகலெடுப்பதே ஓவியப் பாடமாக இருந்த நாட்டில் இது பெரிய மாற்றம். 1918இல் அதே லி ஷுதோங் குடும்பம், வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹோங்யி என்ற பெயரில் பௌத்தத் துறவி ஆனார். மாணவரின் வாழ்க்கையில் அந்தத் துறவு கடைசிவரை தொடர்ந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1921இல் ஃபெங் கடன் வாங்கிக்கொண்டு டோக்கியோ போனார். பத்து மாதத்தில் பணம் தீர்ந்தது. ஆனால் அதற்குள் ஒரு பழைய புத்தகக் கடையில் தக்கேஹிசா யூமேஜி என்ற ஜப்பானிய ஓவியரின் படத் தொகுப்பு ஒன்று கையில் கிடைத்தது. அதில் ஒரு படத்தை அவர் பல ஆண்டுகள் கழித்தும் விவரித்திருக்கிறார்: ரிக்‌ஷாவில் போகிற பணக்காரப் பெண், முதுகில் குழந்தையைச் சுமந்து தெருவோரம் நிற்கிற ஏழைப் பெண்ணுக்குத் தலையசைக்கிறாள். படத்தின் தலைப்பு 'வகுப்புத் தோழி'. அவ்வளவுதான். சில கோடுகளும் ஒரு தலைப்பும் சேர்ந்து சமூகத்தையே குறுக்காக வெட்டிக் காட்டுகின்றன. அவருடைய பிற்கால நையாண்டியின் வித்து இந்தப் படத்தில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சீன ஓவியத்தையும் மேற்கத்திய ஓவியத்தையும் பற்றி அவர் சொன்னது என்ன?

நிறையச் சொல்லியிருக்கிறார். 1928இல் மேற்கத்தியக் கலை வரலாறு, 1929இல் டச்சு ஓவியர் வான்காவின் வாழ்க்கை, 1930இல் நவீன ஓவியப் போக்குகள் பற்றிய பன்னிரண்டு பாடங்கள் என்று வரிசையாக நூல்கள் வந்தன. இவற்றில் பல, ஜப்பானிய நூல்களைத் தழுவிப் பள்ளி மாணவருக்கும் விளங்கும்படி எழுதியவை. பிரெஞ்சு ஓவியர்கள் மோனேயையும் செசானையும் ஒரு தலைமுறைச் சீன இளைஞர்கள் இவர் வழியாகத்தான் முதலில் கேள்விப்பட்டார்கள்.

இரு மரபுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய கட்டுரையில் ஐந்து வேறுபாடுகளைச் சொல்கிறார். சீன ஓவியம் கோட்டை நம்புகிறது. மேற்கில் கோடு வெளியே தெரிவதில்லை. சீன ஓவியம், தொலைவிலுள்ளதைச் சிறிதாகக் காட்டும் தூரக்காட்சி விதிகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. உடற்கூற்றையும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பின்னணியை வெறுமையாக விட்டுவிடுகிறது. அப்புறம், கிழக்கில் முதன்மைப் பொருள் இயற்கை, மேற்கில் மனித உருவம். சீன ஓவியம் கனவு மாதிரி, மேற்கத்திய ஓவியம் நிஜம் மாதிரி என்பது அவருடைய ஒப்பீடு.

இதை ஏதோ பாடப்புத்தகப் பட்டியலாகப் படிக்கக் கூடாது. சுண்ணாம்புச் சிலையை வருடக்கணக்கில் வரைந்து கை பழகிய ஒருவர், இந்தப் பயிற்சியில் எது எனக்கு வேண்டும், எது வேண்டாம் என்று தனக்குத்தானே கணக்குப் பார்க்கிறார். கோடு வேண்டும். வெறுமை வேண்டும். ஆனால் மேற்கிடமிருந்து, கண்ணெதிரே உள்ள வாழ்க்கையை நேராகப் பார்க்கிற பழக்கமும் வேண்டும். ரயிலும் மின்விளக்கும் வந்த பிறகும் சீன ஓவியர்கள் பழங்கால அங்கி அணிந்த பெரியவர்களையே மலையடிவாரத்தில் நடக்க விடுகிறார்களே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. தன் படங்களில் தொலைபேசிக் கம்பி, ரயில் பெட்டி, ஷாங்காய்ச் சந்து வீடு எல்லாவற்றையும் தூரிகையால் வரைந்தார். முன்னோர் மலைக்கும் மூங்கிலுக்கும் வைத்திருந்த அதே தூரிகை.

1930இல் எழுதிய இன்னொரு கட்டுரையில் ஒரு படி மேலே போய், நவீன உலகக் கலையில் சீனக் கலை வென்றுவிட்டது என்கிறார். ஐரோப்பியர் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படங்களைப் பார்த்துக் கோட்டையும் தட்டையான வண்ணத்தையும் கற்றார்கள். ஜப்பான் சீனாவிடமிருந்து கற்றது. ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி பேசும் அகத்தின் அதிர்வு, சீனர்கள் ஆறாம் நூற்றாண்டிலேயே சொன்ன உயிரோட்டக் கொள்கைக்குப் பக்கத்தில் வருகிறது — இதுதான் வாதம். வெற்றி, தோல்வி என்ற கணக்கு எனக்கு ஒப்பவில்லை. நாடு நாலாபுறமும் சிறுமைப்பட்டுக் கிடந்த காலத்தில் எழுதியது, அந்த வேகம் தெரிகிறது. ஆனால் வான்காவின் கோட்டில் கிழக்கை அவர் கண்ட இடம் சரியான இடம்.

அவர் வரைந்த மனிதர்களுக்கு ஏன் கண், மூக்கு இல்லை?

நினைப்பு போய்ச் சேர்ந்துவிட்டால் தூரிகை போய்ச் சேர வேண்டியதில்லை என்பது சீன மரபில் உள்ள எண்ணம். குனிந்த முதுகு, தூக்கிய கை, நிற்கிற தோரணை இவற்றிலேயே ஆள் யார், என்ன மனநிலை என்பது தெரிந்துவிடும். முகத்தை நாம் நிரப்பிக்கொள்கிறோம். நையாண்டிப் படங்களிலும் இது வேலை செய்கிறது: குறிப்பிட்ட ஒரு மனிதரைக் கேலி செய்யாமல் ஒரு நடத்தையைக் காட்ட முடிகிறது.

முதல் கார்ட்டூன் எது?

பரவலாகப் பேசப்பட்ட முதல் படம் 1924இல் ஒரு இலக்கியத் தொகுப்பில் வந்தது. சுருட்டிவிட்ட மூங்கில் திரை, மேசைமேல் தேநீர்க் கெண்டியும் கோப்பைகளும், வெளியே பிறைநிலா. ஆள் யாருமில்லை. பழைய பாடலின் ஒரு வரி தலைப்பு: எல்லோரும் போன பின், கொக்கி போல் புதுநிலா, நீர் போல் வானம். ஷாங்காயில் இலக்கிய இதழ் நடத்திக்கொண்டிருந்த ஜெங் ஜென்துவோ இதைப் பார்த்துச் சொக்கிப்போனார். 1925 முதல் அவருடைய வார இதழில் 'ஸிகாய் கார்ட்டூன்கள்' என்ற பெயரில் படங்கள் தொடர்ந்து வந்தன. சீனாவில் இந்தக் கலைவடிவத்துக்கு இன்று வழங்கும் பெயர் பரவியது இந்தத் தொடருக்குப் பிறகுதான்.

தன் படங்களை அவரே நான்கு கட்டமாகப் பிரித்தார்: பழைய கவிதை வரிகள், குழந்தைகள், சமூகம், இயற்கை. ஒன்று முடிந்து ஒன்று தொடங்கியதாக நினைக்க வேண்டாம், ஒன்றுக்குள் ஒன்று கலந்தே வரும் என்றும் அவரே சொல்கிறார்.

குழந்தைப் படங்களில் அப்படி என்ன இருக்கிறது?

அவருடைய பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். மகள் ஆபாவோ தன் காலணியையும் தங்கையின் காலணியையும் கழற்றி முக்காலியின் நான்கு கால்களுக்கும் மாட்டிவிடுகிறாள்: 'ஆபாவோவுக்கு இரண்டு கால், முக்காலிக்கு நாலு கால்'. மகன் ஜான்ஜான் இரண்டு ஓலை விசிறிகளைச் சக்கரமாக வைத்து மிதிவண்டி ஓட்டுகிறான். முக்காலி என்று நம் பழக்கத்தில் எழுதிவிட்டேன், படத்தில் நாலு கால்தான்.

இவற்றை அழகான வீட்டுக் காட்சிகள் என்று ரசித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அவர் அப்படி நகரவில்லை. 1926இல் தன் பிள்ளைகளுக்கு எழுதிய கட்டுரையில், நீங்கள்தான் முழுமனிதர்கள், பெரியவர்களாகிய நாங்கள் மனசை ஒளித்து ஒளித்து ஊனமாகிப்போனவர்கள் என்ற தொனியில் பேசுகிறார். கூடவே, இந்தப் பொற்காலம் முடிந்துவிடும், நீங்களும் எங்களைப் போல் ஆவீர்கள் என்ற துக்கமும் அதில் இருக்கிறது. சமூகத்தை அவர் எந்தத் தராசில் நிறுத்தார் என்பது இங்கே தெரிகிறது. குழந்தைக்கு முன்னால் கூச்சமில்லாமல் செய்யக்கூடிய காரியமா இது என்பதே அவர் கேட்கிற கேள்வி.

சமூகத்தை வரைந்த படங்களில் எதைப் பார்க்கலாம்?

மூன்றைச் சொல்கிறேன். 'அண்டை வீட்டார்': பக்கத்துப் பக்கத்து இரண்டு மாடி முகப்புகள், நடுவில் திருடன் தாண்டாமலிருக்க விசிறி வடிவில் கூரிய இரும்புக் கம்பிகள், இருபுறமும் முகம் பார்க்காமல் இரண்டு பேர். 'உயர்ந்த முகப்பு மேசை': அடகுக்கடையில் பொருளை நீட்ட முடியாத அளவுக்கு மேசை உயரம், கீழே எட்டி நிற்கும் சிறுவன்.

மூன்றாவது, 'கடைசி முத்தம்'. அநாதைக் குழந்தைகளை விட்டுச்செல்வதற்காகக் காப்பகச் சுவரில் வைத்த இழுப்பறை. குழந்தையை அதில் வைக்கப்போகும் தாய் முத்தமிடுகிறாள். தரையில் ஒரு நாய் தன் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நாயைச் சேர்த்தது மிகையாகிவிட்டது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை; அந்த நாய் இல்லையென்றால் பார்ப்பவர் பரிதாபப்பட்டுவிட்டுப் போய்விடுவார், நாய் இருப்பதால் வெட்கப்படுகிறார்.

உயிர்காப்புப் படத்தொகுதி என்பது என்ன?

அவருடைய வாழ்நாள் வேலை இதுதான். 1927இல் தன் ஆசிரியர் ஹோங்யி முன்னிலையில் ஃபெங் பௌத்தம் ஏற்றார். இருவரும் சேர்ந்து, உயிர்களைக் கொல்லாமை பற்றி ஒரு படநூல் திட்டமிட்டார்கள்: மாணவர் படம் வரைய, குரு செய்யுள் எழுத வேண்டும். குருவின் ஐம்பதாம் வயதுக்கு ஐம்பது படங்களோடு முதல் தொகுதி 1929இல் வந்தது. அறுபதுக்கு அறுபது, எழுபதுக்கு எழுபது என்று நூறு வரை போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயுள் அனுமதிக்கும்வரை உங்கள் சொற்படி செய்வேன் என்று ஃபெங் கடிதத்தில் வாக்குக் கொடுத்தார்.

1942இல் ஹோங்யி இறந்தார். வாக்கு நின்றது. ஆறு தொகுதிகளில் மொத்தம் 450 படங்கள். நான்காம் தொகுதியிலிருந்து சிங்கப்பூரில் வாழ்ந்த துறவி குவாங்சியா வெளியிட்டுக் காப்பாற்றினார். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அவர் இருந்த லோங்சான் கோயில் தெரிந்திருக்கும். லிட்டில் இந்தியாவை ஒட்டிய ரேஸ் கோர்ஸ் சாலையில் இருக்கிறது. கடைசித் தொகுதியின் நூறு படங்களை ஃபெங் 1973இல், கலாச்சாரப் புரட்சி நடந்துகொண்டிருந்தபோது, வீட்டில் ரகசியமாக வரைந்தார். 1979இல், ஹோங்யி உயிரோடிருந்தால் நூறு வயதாகியிருக்கும் சமயத்தில் அது அச்சானது. வரைந்தவர் நான்காண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

பக்திப் படங்கள் என்று நினைத்துத் திறப்பவர்களுக்கு முதல் தொகுதி அதிர்ச்சி தரும். ஒரு படத்தில் இறைச்சி டின்னைத் திறக்கிறார்கள். தலைப்பு: 'சவப்பெட்டி திறத்தல்'. இன்னொன்றில் கடைவாசலில் தொங்கும் பன்றித் தொடையைத் தெருவில் போகும் பன்றி நிமிர்ந்து பார்க்கிறது. தலைப்பு: 'என் கால்!' சிரிப்பு வந்து பாதியில் தொண்டையில் நிற்கும். பிந்தைய தொகுதிகள் சாந்தமானவை. எறும்புகள் இடம் மாறிப் போகும் வழியில் யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று பிள்ளைகள் முக்காலிகளை வரிசையாகக் குறுக்கே வைக்கும் படம் அவற்றில் ஒன்று.

போர்க்காலத்திலும் இப்படிப் பேசினாரா? எதிர்ப்பு வரவில்லையா?

வந்தது. 1937 நவம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஷிமென்வானைக் குண்டு வீசித் தாக்கின. 1933இல் ஆசையாகக் கட்டிய யுவான்யுவான் இல்லத்தை விட்டுவிட்டு அவர் குடும்பத்தோடு மேற்கே ஓடினார். ஜியாங்சி, ஹூனான், குவைலின், குய்சோ வழியாக சோங்சிங் போய்ச் சேர ஆண்டுக்கணக்கில் ஆனது. வீடு எரிந்த செய்தி 1938 தொடக்கத்தில், வழியில் கிடைத்தது. 'என் இல்லத்தைத் திருப்பிக் கொடு' என்ற கட்டுரை அந்தக் கோபத்தில் பிறந்தது.

அந்தச் சமயத்தில் நண்பர் சாவோ ஜுரென், உயிர்காப்புப் படங்களை இனி எரித்துவிடலாம் என்று சொன்னது ஃபெங்கின் காதுக்கு வந்தது. எதிரி கொல்ல வரும்போது கொல்லாமை எதற்கு என்பது சாவோவின் கேள்வி. ஃபெங் கடுமையாகப் பதில் எழுதினார். எறும்பைக் காப்பது எறும்புக்காக அல்ல, மிதிக்கிறவனின் மனம் மரத்துப் போகாமல் இருக்கத்தான். நாம் போராடுவது அந்த மனத்தைக் காப்பாற்றத்தான் என்பது அவர் வாதம். அவர் போரை எதிர்த்து ஒதுங்கவில்லை. ஆக்கிரமிப்பை எதிர்த்து நிறையவே வரைந்தார். வான்தாக்குதல் படம் ஒன்றில் தாய் மார்பில் பாலூட்டிக்கொண்டிருக்கிறாள், குண்டுச் சிதறல் அவள் தலையைக் கொண்டுபோய்விட்டது, குழந்தை இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது. கூட வரும் பாட்டில், இரத்தமும் பாலும் கலந்து ஓடுவதாக எழுதினார். வெட்டுண்ட மரம் வசந்தத்தில் வேகமாகத் துளிர்விடும் படமும் இந்தக் காலத்ததுதான்.

அரசியல் நையாண்டி எங்கிருந்து வந்தது? ஒரு நல்ல உதாரணம் சொல்லுங்கள்.

1947இல் எழுதிய 'வாய்க்குள் கொள்ளையர் ஒழிப்பு'. அப்போது உள்நாட்டுப் போர். அப்போது ஆண்ட கோமின்தாங் கட்சியின் அரசு கம்யூனிஸ்டுகளைக் கொள்ளையர் என்று அழைத்து, போருக்குக் 'கொள்ளையர் ஒழிப்பு' என்று பெயர் வைத்திருந்தது. பத்திரிகையைத் திறந்தால் இந்தச் சொல்தான். ஃபெங்குக்கோ பல்வலி. வாயில் மிச்சமிருந்த பதினேழு பற்களையும் ஹாங்சோவில் ஒரு பல் மருத்துவரிடம் பிடுங்கிக்கொண்டார். அதைப் பற்றித்தான் கட்டுரை.

இவை சாதாரணக் கொள்ளையர் அல்ல, உத்தியோகக் கொள்ளையர் என்று தொடங்குகிறார். ஒருகாலத்தில் இந்தப் பற்கள் நேர்மையான அதிகாரிகளாக இருந்தன. எனக்காகக் கடித்தன, மென்றன, உடம்பை வளர்த்தன. பிறகு கெட்டுப்போயின. கடமையை விட்டன, உள்ளேயே அரித்தன, ஆனால் பதவியை மட்டும் விடவில்லை. மக்களாகிய நான் வலி பொறுத்தேன், சகித்தேன், ஒட்டுப்போட்டு நாள் கடத்தினேன். கடைசியில் மருத்துவர் சொன்னார்: ஒன்றிரண்டைப் பிடுங்கிப் பயனில்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதுசாக ஒரு வரிசை வைக்க வேண்டும்.

வாசகருக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை. அரசாங்கம் எதிரியைச் சுடுவதற்கு வைத்திருந்த சொல்லை எடுத்து, அரசாங்கத்தின் லஞ்ச அதிகாரிகள் மேலேயே திருப்பிவிட்டார். முழுக்கட்டுரையிலும் ஒரு அதிகாரியின் பெயர்கூட இல்லை. முகம் வரையாத கையெழுத்து இங்கே உரைநடையில் வேலை செய்கிறது: தோரணை மட்டும் தெரிகிறது, முகத்தை நாம் போட்டுக்கொள்கிறோம். சிரிக்கவும் முடிகிறது. பல்வலி வந்த எவருக்கும் எரிச்சலும் புரியும். இந்த ஒரு கட்டுரையைத் தமிழில் யாராவது நன்றாகக் கொண்டுவர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அதே காலத்தில் சிறுவர்களுக்காக எழுதிய கதைகளிலும் இதே நோக்கு உண்டு. ஒரு ஐந்து யுவான் நோட்டு தன் கதையைத் தானே சொல்கிறது: கைமாறிக் கைமாறி, மரியாதையாக இருந்த நோட்டு மதிப்பே இல்லாத காகிதமாகிவிடுகிறது. பணவீக்கத்தில் சம்பளம் கரைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது கற்பனைக் கதையே இல்லை. இன்னொன்று 'செவ்விதய நாடு'. வான்தாக்குதலுக்குப் பயந்து குகைக்குள் நுழைந்த மனிதன் ஒரு நாட்டுக்குப் போய்ச் சேர்கிறான். அங்கே எல்லோர் மார்பிலும் சிவப்பு இதயம் வெளியே தெரியும். ஒருவருக்குப் பசித்தால் எல்லோருக்கும் பசிக்கும், ஒருவருக்குக் குளிர்ந்தால் எல்லோரும் நடுங்குவார்கள். அப்படிப்பட்ட நாட்டில் அதிகாரி எப்படித் திருட முடியும்?

1949க்குப் பிறகு நையாண்டி நின்றுவிட்டதா?

குறைந்தது, நிற்கவில்லை. 1956இல், கருத்துகளைத் தாராளமாகச் சொல்லலாம் என்ற காற்று வீசியபோது, பழங்கால ஹான் பேரரசுக் காலத்துத் தெருப்பாட்டு ஒன்றை வரைந்தார். நகரத்தில் உயரக் கொண்டை பிடிக்குமென்றால், நாட்டுப்புறத்தில் ஒரு முழக் கொண்டை. நகரத்தில் அகலப் புருவமென்றால், அங்கே பாதி நெற்றி வரை புருவம். நகரத்தில் பெரிய சட்டைக்கையென்றால், அங்கே ஒரு முழுத்துணியும் சட்டைக்கைக்கே போய்விடும். மேலே ஒருவர் ஒன்றைச் சொன்னால் கீழே பத்து மடங்காகச் செய்து காட்டும் வழக்கத்தைத்தான் படம் சொன்னது. அடுத்த சில ஆண்டுகளில் நாடு பார்த்த மிகை விளைச்சல் கணக்குகளை நினைத்தால் அந்தப் படம் இன்னும் கூர்மையாகிறது.

1962 மே மாதம் ஷாங்காய் எழுத்தாளர், கலைஞர் மாநாட்டில் பேசினார். அப்போது அவர் ஷாங்காய்ச் சீன ஓவியக் கழகத்தின் தலைவர். மாவோவின் முழக்கப்படி நூறு மலர்கள் மலரட்டும் என்றால் பெயர் தெரியாத சிறு பூக்களுக்கும் இடம் வேண்டும் என்றார். வேலிச் செடிகளைப் பெரிய கத்தரிக்கோலால் ஒரே உயரத்துக்கு வெட்டி நிறுத்துகிறார்களே, அந்தச் செடிகளுக்கு வாயிருந்தால் வேதனையைச் சொல்லும் என்றார். பிளம் மரத்தை அழகுக்காக முறுக்கி வளர்த்து நோயாளியாக்குவதைக் கண்டித்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டுரையையும் நினைவூட்டினார். கூட்டம் கைதட்டியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'ஆமி' என்ற பூனைக் கட்டுரை வந்தது. வீட்டுப் பூனை வந்தால் விருந்தாளிக்கும் நமக்கும் பேச்சு சுலபமாகிறது என்ற லேசான கட்டுரை. நடுவே, முன்பு வளர்த்த ஒரு பூனையைப் 'பூனைப் பெரியப்பா' என்று அழைத்ததைச் சொல்கிறார். எங்கள் ஊரில் பெரியப்பா என்பது மரியாதைச் சொல்லாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை, பேய்ப் பெரியப்பா, திருட்டுப் பெரியப்பா என்றும் சொல்வோம் என்று ஒரு வரி.

அதற்காகவா தண்டிக்கப்பட்டார்?

ஆமாம், 1966இல் இவை எல்லாம் குற்றப்பத்திரிகை ஆயின. பூனையைக் குறிக்கும் சீனச் சொல்லும் தலைவர் மாவோவின் குடும்பப் பெயரும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. பூனைக் கட்டுரை தலைவரை அவமதித்தது என்று சுவரொட்டி ஒட்டினார்கள். கத்தரிக்கோல் பேச்சு கட்சிக்கு எதிரானது, கொண்டைப் படம் புதிய சமூகத்தைக் கேலி செய்தது என்றார்கள். ஷாங்காயில் கூட்டம் கூட்டிக் கண்டிக்க வேண்டிய முதன்மைப் பெயர்களில் அவரும் சேர்க்கப்பட்டார். எழுபது வயதை ஒட்டியவரை 1969இல் புறநகர்க் கிராமத்துக்கு வயல் வேலைக்கு அனுப்பினார்கள். 1970இல் நுரையீரல் நோயோடு வீடு திரும்பினார்.

அந்த நோய் அவருக்கு ஓய்வு கொடுத்தது. விடியுமுன் எழுந்து, யாருக்கும் தெரியாமல் எழுதினார். 1971 முதல் 1973 வரை முப்பத்து மூன்று கட்டுரைகள். ஊர் மனிதர்கள், பழைய தின்பண்டங்கள், சின்ன வயசு விளையாட்டுகள் பற்றியவை. ஒன்றில்கூடப் புலம்பல் இல்லை, அரசியலும் இல்லை. அந்த அமைதியைச் சரணாகதி என்று படிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முழக்கமே எழுத்தாகிவிட்ட நாட்களில், அச்சாகும் நம்பிக்கையே இல்லாமல், சாதாரண மனிதர்களை அன்போடு எழுதி வைத்தார். 1978இல் அவர் மேலிருந்த குற்றச்சாட்டுகள் நீக்கப்பட்டன.

மொழிபெயர்ப்புகள்?

ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் 'முதல் காதல்' ஆரம்பகால வேலை. ஐம்பது வயதுக்கு மேல் ரஷ்யன் கற்றுக்கொண்டு அதே எழுத்தாளரின் வேட்டைக்காரக் குறிப்புகளை நேரடியாக மொழிபெயர்த்தார். ஜப்பானிய நாவலாசிரியர் நட்சுமே சோசெகியை மிகவும் நேசித்தார், அவரையும் மொழிபெயர்த்தார். பெரிய சாதனை, பழம்பெரும் ஜப்பானிய நாவலான 'கென்ஜி கதை': 1961இல் தொடங்கி 1965இல் முடித்தார். கைப்பிரதி கலாச்சாரப் புரட்சியைத் தாண்டி 1980இல்தான் அச்சேறத் தொடங்கியது. ஜப்பானும் இவரை மறக்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்த 1940இலேயே சீன இலக்கிய அறிஞர் யோஷிகாவா கோஜிரோ இவர் கட்டுரைகளை ஜப்பானியத்தில் கொண்டுவந்தார். நாவலாசிரியர் தனிசாகி ஜுனிச்சிரோ அதைப் பாராட்டி எழுதினார்.

இசை பற்றியும் எழுதினாராமே?

1926இல் வந்த அவருடைய இசை அறிமுக நூல் பல தலைமுறைகள் படித்த பாடநூல். அதைத் தவிர மேலை இசைமேதைகள் பற்றியும் எழுதினார்.

எங்கே பார்க்கலாம்?

ஷிமென்வானில் யுவான்யுவான் இல்லம் 1985இல் பழைய இடத்திலேயே மறுபடி கட்டப்பட்டது. பணம் கொடுத்து உதவியவர் சிங்கப்பூர்த் துறவி குவாங்சியா. தீயில் கருகிய பழைய வாசல் கதவுகளையும் அங்கே வைத்திருக்கிறார்கள். ஷாங்காயில் ஷான்சி தெற்குச் சாலையில் 1954 முதல் இறக்கும்வரை அவர் வாழ்ந்த வீடு இருக்கிறது.

குழந்தைகளுக்குக் காட்டலாமா? எந்த வரிசையில்?

தாராளமாக. ஆபாவோ, ஜான்ஜான் படங்களில் தொடங்குங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கே விளக்கமில்லாமல் புரியும். அப்புறம் எறும்புப் படம் உள்ள இரண்டாம் உயிர்காப்புத் தொகுதி. முதல் தொகுதியில் கசாப்புக் காட்சிகள் இருக்கின்றன, போர்ப் படங்களில் இரத்தம் இருக்கிறது. அவற்றைப் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டுவது நல்லது. பெரியவர்கள் முதலில் பல்வலிக் கட்டுரை, பிறகு பிள்ளைகளுக்கு எழுதிய கட்டுரை, அதற்கப்புறம் சீன, மேற்கத்திய ஓவிய ஒப்பீடு என்று படிக்கலாம். ஒப்பீட்டை முதலில் எடுத்தால் பலர் பாதியில் வைத்துவிடுகிறார்கள்; மற்ற இரண்டையும் படித்த பிறகு எடுத்தால் கோட்டைப் பற்றியும் வெறுமையைப் பற்றியும் அவர் சொல்வது சட்டென்று பிடிபடுகிறது.